வலிக்காத கை

எழுபத்தெட்டில் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷாப் வாசல். மத்தியானச் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வந்ததும் சம்பத் கடை விரித்தான். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் அலசுகிறவர்களின் கைகள் வெடித்து எரியும். சோறு பிசையக்கூட முடியாது. அவர்களுக்குத்தான் அவன் எண்ணெய் விற்றான். கடலை எண்ணெயில் கற்பூரமும் பச்சைச் சாயமும்.

அவன் கூட்டாளி நந்தகோபால் கூட்டத்தில் யாரோ போல நிற்பான். சம்பத் கூப்பிட்டதும் கையை நீட்டுவான். கோணத் தொடங்கியிருந்த விரல்களைச் சம்பத் தன் பிடியில் மறைத்துக்கொண்டு, எண்ணெய் தடவி, கோணி ஊசியை இறக்குவான். நந்தகோபால் முகம் சுளிக்க மாட்டான். அந்தக் கை மரத்துப்போய் வருஷக்கணக்காகிறது. பெருவியாதி, குஷ்டம். அது சம்பத்துக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்கு ஒருவன் சிரித்தான். இன்பசேகரன், தொட்டி வேலைக்காரன், புதுசாகக் கல்யாணமானவன்.

"அவன் உன் ஆளு. எனுக்குக் குத்து, பாக்கலாம்."

சம்பத்துக்கு வியர்த்தது. வேறு வழியில்லை. எண்ணெய் தடவி லேசாகக் குத்தினான்.

"இன்னாய்யா, மருதாணி வெக்கிறியா? அழுத்திக் குத்து."

அழுத்தினான். ரத்தம் வந்தது. இன்பசேகரன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டேய், வலிக்கவே இல்லடா!"

எண்ணெய் பாட்டில் பெட்டி காலியானது. நந்தகோபால் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டுக்கு மேலே வெளுத்த தேமல். அவனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

டீக்கடையில் சம்பத் சொன்னான். "உன் வெரலு கோணிக்கிச்சு. ஜனங்க பாக்கறாங்க. இனிமே அந்தத் தொட்டிக்காரன் என்கூட வரட்டும். நீ ஊருக்குப் போ."

"இது வியாதின்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வருவானா? உனுக்கு ஏன் பேஜாரு?"

சாயங்காலம் நந்தகோபால் இன்பசேகரன் வீட்டுக்குப் போனான். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மனைவி கிருபா குழம்பு ஊற்றினாள். நந்தகோபால் வாசலிலேயே நின்றான்.

"தம்பி, அது எண்ணெய் இல்ல. பெருவியாதி. எனுக்கும் அதான். இந்த வெரலப் பாரு. ஆஸ்பத்திரில மாத்திரை சும்மா குடுக்கறாங்க. இப்பவே போனா உன் கை தப்பிச்சுக்கும்."

வாய்விட்டு அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"மத்தியானம் எண்ணெய்ன்னு கைய நீட்டினே, இப்ப வியாதின்றே. நீ வந்து இப்டி எதனா சொல்லுவேன்னு சம்பத்தண்ணன் முன்னாடியே சொல்லிட்டாரு. வேலை போன வயித்தெரிச்சலு."

"சத்தியமா தம்பி."

"உன் சத்தியம் பாட்டில் இன்னா வெல?"

நந்தகோபால் தெருவில் இறங்கினான். கிருபா பின்னாலேயே வந்தாள். நாலடி தள்ளி நின்றாள்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஷாப்புல தெரிஞ்சா தொரத்திடுவாங்க. தெருவுல தண்ணி எடுக்க விட மாட்டாங்க."

"ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிக்கினு போம்மா."

"அங்க போய் நின்னா ஊருக்கே தெரிஞ்சிடுமே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த எண்ணெய் நெஜமாவே ஒண்ணுத்துக்கும் ஆவாதா?"

"ஆவாதும்மா."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை ஆலங்காயம் பஸ்ஸில் எண்ணெய்ப் பெட்டியோடு போன சம்பத்துக்குப் பக்கத்தில் இன்பசேகரன் உட்கார்ந்திருந்தான். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. மணிக்கட்டுப் பித்தானைக் கிருபாதான் இறுக்கிப் போட்டுவிட்டிருந்தாள்.