சுவரின் வாய்கள்

நகராட்சி அலுவலகத்தில் என்னை வாயாடி இன்ஜினீயர் என்பார்கள். என் தங்கை ஆர்க்கிடெக்ட். பிடித்த பிடியை விடாதவள். ஆற்றங்கரையின் பழைய கருங்கல் சுவரை இடித்துவிட்டுக் கான்கிரீட் எழுப்பலாம் என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். அவளோ சுவரை வைத்துக்கொண்டே படிகள் இறக்கி, ஊரையே தண்ணீர்ப் பக்கம் திருப்புவேன் என்று நகராட்சியைச் சம்மதிக்க வைத்தாள். ஒரே நிபந்தனை: மழைக்காலத்தில் சுவர் அசைந்தால் இடித்துவிட வேண்டும்.

பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் சுவரைக் கழுவினாள். செடிகளைப் பிடுங்கி, குருவிகள் குடியிருந்த பொந்துகளைச் சிமென்ட் வைத்து அடைத்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அடைமழை பிடித்தது. ஆறு ஏறி, மளமளவென்று இறங்கியது. காலையில் போனால் சுவர் தொந்தி தள்ளி நிற்கிறது. இடிக்கும் இயந்திரத்தை வரவழைத்தேன். 'நான்தான் சொன்னேனே' என்ற இளக்காரமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

தங்கை சண்டை போடவில்லை. நனைந்தபடி படகுத்துறையில் நின்று சுவரையே பார்த்தாள். பிறகு ஓடி வந்தாள்.

"அக்கா, நான் அடைச்ச பொந்தெல்லாம் பாரு. ஒரே மட்டம், ஒரே இடைவெளி. குருவி நூல் பிடிச்சா பொந்து போடும்?"

எனக்குச் சுருக்கென்றது. சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வடிய விட்ட துளைகள் அவை. வடிய வழியில்லாமல்தான் தண்ணீர் சுவரைத் தள்ளியிருக்கிறது. இத்தனை படித்த எனக்கும் தோன்றவில்லையே!

"காப்பாத்துறேன்னு அது வாயைப் பொத்திட்டேனேக்கா."

"அழுறதை அப்புறம் வச்சுக்க."

இடிக்க வந்த இயந்திரத்தின் நீண்ட கையிலேயே துளைபோடும் கருவியை மாட்டச் சொன்னேன். முதல் துளை திறந்ததும் செம்மண் தண்ணீர் சீறி ஆற்றில் விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. கரை நெடுக அத்தனை வாய்களும் கொட்டின. பாலத்தில் வண்டிகள் நின்றன. குடையை மறந்து ஜனங்கள் பார்த்தார்கள். யாரோ, எந்தக் காலத்திலோ, இந்த மழையை நினைத்து ஒவ்வொரு துளையையும் ஆற்றுப் பக்கம் சரித்து வைத்திருக்கிறார்கள்.

மாலைவரை அளந்தோம். சுவர் அதற்குமேல் இம்மியும் நகரவில்லை.

"இடிக்கணுமா மேடம்?" என்றார் இயந்திரக்காரர்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், வேண்டாமென்று.

"என்னக்கா, பேச்சையே காணோம்?" என்றாள் தங்கை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.