கூப்பிடு தூரம்

காரிமங்கலத்தில் எழிலரசி தன் மாமியாரை அம்மா என்று கூப்பிட்டபோதெல்லாம், அரூர் பக்கத்தில் அவளைப் பெற்ற குள்ளம்மாளின் காதில் அது விழுந்தது. நடுவில் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம் இருந்தது.

கல்யாணம் 2016 ஆவணியில். வழக்கப்படி எழிலரசி முதலில் அத்தை என்றுதான் கூப்பிட்டாள். மூன்றாம் நாள் மாமியார் கோவிந்தம்மாள் அவளை நிறுத்தி, "எனக்கும் ஒரு பொண்ணு இருந்தா கண்ணு. பதினோரு வயசுல காய்ச்சல்ல போய்ட்டா. பொண்ணு வாயால அம்மான்னு கேட்டு இருவது வருசம் ஆச்சு. நீ அப்படிக் கூப்புடு" என்றாள். எழிலரசி கூப்பிட்டாள். அதே நேரத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த குள்ளம்மாள் "என்ன கண்ணு?" என்று திரும்பினாள். பின்னால் யாருமில்லை. அவளுக்குப் புருஷன் இல்லை, எழிலரசி ஒரே மகள். அந்த ஒரு சொல் மட்டும் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை கேட்டது. ஒவ்வொரு முறையும் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடினாள். அரூரில் டாக்டர் பார்த்துவிட்டு, காது நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

இரண்டாம் வருஷம் பெற்றவள் சொல்லி விஷயம் தெரிந்ததும் எழிலரசிக்கு மனசு பொறுக்கவில்லை. மறுபடி அத்தை என்றாள். கோவிந்தம்மாள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குள்ளம்மாள் பஸ் இறங்கி வந்து நின்றாள்.

"ஏன் கண்ணு நிறுத்திட்ட? போன்ல நல்லாருக்கேன்னுதான் சொல்ற, எனக்கு மனசு கேக்கல."

"நான் உன்னயக் கூப்புடலம்மா. அவங்களத்தான் கூப்புட்டேன்."

"தெரியும். அவங்களயே கூப்புடு. எனக்குக் காதுல விழுந்தாப் போதும்."

உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் வெளியே வந்து சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஐந்து வருஷத்தில் எழிலரசிக்கு ஒரு குழந்தை பிறந்தது, அவள் புருஷன் சிவக்குமார் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனான், ஒரு வருஷம் மழை பொய்த்தது. அந்தச் சொல் ஒரு நாளும் தவறவில்லை. குள்ளம்மாளும் இப்போதெல்லாம் ஓடுவதில்லை. இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

2023 தை மாதம் ஒரு காலையில் பாத்திரம் கழுவும்போது கேட்டது. பதில் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி கேட்டது. மறுபடியும். காரிமங்கலத்தில் கோவிந்தம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடக்க, எழிலரசி அவள் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்ட விதத்திலேயே குள்ளம்மாளுக்கு விளங்கிவிட்டது. ஈரக் கையோடு பஸ் ஏறினாள். வழி நெடுக, "இருக்கேன் கண்ணு, இருக்கேன் கண்ணு" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனாள். கண்டக்டர் டிக்கெட்டை அவள் மடியில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

யாரும் போன் செய்து தகவல் சொல்வதற்குள் அவள் அங்கே இருந்தாள். எழிலரசி அவள் மடியில் விழுந்து, அம்மா அம்மா என்று அழுதாள். எந்த அம்மாவை என்று குள்ளம்மாள் கேட்கவில்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து "ம்" கொட்டினாள்.

காரியம் முடிந்து ஊர் திரும்பியபின் அவள் காதில் எதுவும் விழவில்லை. அங்கே எழிலரசி அம்மா என்று கூப்பிட இனி ஆளில்லை. மகள் போன் செய்தால் எல்லோருக்கும் கேட்பதுபோலத்தான் கேட்டது. அதனால் குள்ளம்மாள் மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறிப் போகிறாள். ஒரு பகல் முழுக்க இருந்து மகள் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, சாயங்கால வண்டியில் திரும்புகிறாள்.