உள்ளிருந்து போன அழைப்பு

அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் கேமரா அண்ணி. கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் கண்காணிப்புக் கேமரா மாட்டித் தருவது அவள் தொழில். எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம்" என்பாள். சொன்னபடி செய்தும் விடுவாள் என்பதால் யாரும் அதை வாய்ச்சவடாலாக எடுத்துக்கொண்டதில்லை.

அவளுடைய நாத்தனார் ஊருக்கு வெளியே கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்தினாள். குஞ்சுகள் ஓட்டை உடைத்து வருகிற நாட்களில் அந்தக் கொட்டகையை விட்டு ஓர் அடி நகரமாட்டாள். கூடப்பிறந்த அண்ணனே அவளுக்கு அடைக்கோழி என்று பட்டப்பெயர் வைத்திருந்தான். அவள் பக்கமும் நியாயம் இருந்தது. குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஒன்றோடொன்று ஒண்டினால் குளிர். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பொரிப்பானின் காற்றுத் திறப்பைக் கூட்டியும் குறைத்தும் வைக்க வேண்டும்.

இந்த முறை சிக்கல் வந்தது நாத்தனாரின் மகளால். பயணிகள் படகு ஓட்டப் பயிற்சி முடித்தவள், ஆற்றைக் கடக்கும் படகை முதன்முதலாகத் தன் பொறுப்பில் ஓட்டப்போகிற நாளும் குஞ்சு பொரிக்கிற நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன.

"நான் வரலேன்னா அவ ஒண்ணும் சொல்லமாட்டா, அண்ணி. அதுதான் எனக்கு என்னவோ பண்ணுது" என்றாள் நாத்தனார்.

"நீ போற. குஞ்சை உன் போன்ல பாரு, திறப்பையும் போன்லயே திருப்பு. நான் பண்ணித் தரேன்."

பொரிப்பானுக்குள் கேமரா வைத்தாள். திறப்பில் ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்தினாள். அந்தப் பக்கம் இணையக் கேபிள் எட்டிப் பார்த்ததே இல்லை. அதனால் சிம் போடுகிற ரவுட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டினாள். கொட்டகைக்குள் எல்லாம் கன கச்சிதமாக வேலை செய்தது. தெருமுனைக்குப் போய், போனை வைஃபையிலிருந்து விலக்கித் திறந்தால் வெறும் வட்டம்தான் சுற்றியது.

வழக்கமாகச் செய்கிற எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். வெளியிலிருந்து வருகிற இணைப்புக்கு ரவுட்டரில் வழி திறந்துவிட்டாள்; அணைத்துப் போட்டாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ரவுட்டர் தன் இணைய முகவரி என்று சொல்வதையும், வெளியுலகம் அதற்கு என்ன முகவரி காட்டுகிறது என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். இரண்டும் வேறு வேறு. விஷயம் பிடிபட்டுவிட்டது.

நாத்தனாரிடம் விளக்கினாள். சிம் நிறுவனம் ஆயிரக்கணக்கான சிம்களுக்கு ஒரே முகவரியைப் பொதுவாகக் கொடுத்திருக்கிறது. உள்ளேயிருந்து யாரும் வெளியே கூப்பிடலாம். வெளியிலிருந்து வருகிறவனுக்கோ எந்த சிம்மைத் தேடி வந்தோம் என்று சொல்ல வழியில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தனி முகவரி தர முடியுமா என்று நிறுவனத்துக்குப் போன் போட்டாள். பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான் என்று மரியாதையாகக் கைவிரித்தார்கள்.

"அப்ப ஆகாதா?" என்றாள் நாத்தனார்.

"ஏன் ஆகாது? நம்மளால உள்ள போக முடியலேன்னா, அது வெளிய வரட்டும்."

இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கிற சர்வர் கணினி ஒன்றை அண்ணி எடுத்தாள். அதற்குச் சொந்தமாக நிலையான முகவரி உண்டு. கொட்டகையில் உள்ளங்கை அளவு கணினி ஒன்றை வைத்து, சர்வரைத் தானாகவே கூப்பிட்டு அந்த இணைப்பை விடாமல் பிடித்திருக்கும்படி ஏற்பாடு செய்தாள். போனும் அதே சர்வருக்கு வரும். அங்கே ஏற்கெனவே திறந்திருக்கிற பாதை வழியாகக் கொட்டகைக்குள் இறங்கும். கண்டவன் நுழையாதபடி அதற்கான சாவியைத் தன் போனிலும் நாத்தனார் போனிலும் மட்டும் போட்டாள்.

முதல் முயற்சியிலேயே படம் வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் போய்விட்டிருந்தது. நாத்தனார் முகம் விழுந்துவிட்டது. அண்ணி மட்டும் அசரவில்லை. பேச்சுமூச்சில்லாத இணைப்பை நிறுவனம் கொஞ்ச நேரத்தில் துண்டித்துவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். வேலை இல்லாவிட்டாலும் அவ்வப்போது ஒரு 'இருக்கேன்' சொல்லவும், அறுந்தால் தானே மறுபடி கூப்பிடவும் அந்தக் குட்டிக் கணினியைப் பழக்கினாள். அதன் பிறகு ரவுட்டரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினாள். ஒவ்வொரு முறையும் படம் திரும்பி வந்தது.

அந்த நாளும் வந்தது. பொரிப்பகத்தில் வேலை செய்கிற பெண்ணுக்குத் திறப்பின் பக்குவம் இன்னும் பிடிபடவில்லை; கொட்டகையை மட்டும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் படகேறினார்கள். மேலே கண்ணாடி அறையில் மகள் நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஒரு கணம் கண் விரிந்தது. உடனே முகத்தைச் சீராக்கிக்கொண்டு ஆற்றின் பக்கம் திரும்பினாள்.

படகு கரையை விட்டு விலகியதும் நாத்தனார் போனைத் திறந்தாள். குஞ்சுகள் வாயைப் பிளந்திருந்தன. விரலால் திறப்பைக் கூட்டினாள். கூட்டிய கையோடு படம் உறைந்துவிட்டது.

"போச்சு, அண்ணி. படகைத் திருப்பச் சொல்லவா?"

அண்ணி தன் போனில் சர்வரைப் பார்த்தாள். சர்வர் சரியாக இருந்தது. கொட்டகைப் பக்கம்தான் சிக்னல் அறுந்திருந்தது. "நீ சொன்னது போய்ச் சேர்ந்திருக்கு. லைன்தான் அப்புறம் அறுந்தது. அது திரும்பக் கூப்பிடும், அதுவரைக்கும் உன் பொண்ணைப் பாரு" என்றாள்.

நாத்தனார் மனசில்லாமல்தான் தலையை நிமிர்த்தினாள். எதிரே மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று வந்துகொண்டிருந்தது. மகள் ஒலி எழுப்பி, வேகத்தைக் குறைத்து, அலை தணியும்வரை காத்திருந்து, பதற்றமே இல்லாமல் விலகிச் சென்றாள். தாய் மூச்சுவிட மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடு ஆற்றில் போன் அதிர்ந்தது. படம் வந்திருந்தது. திறப்பு அவள் வைத்த இடத்திலேயே நின்றது. குஞ்சுகள் வாயை மூடிக்கொண்டு, தட்டு முழுக்கப் பரவி, ஒன்றின்மேல் ஒன்று தடுக்கி விழுந்து நடந்தன. நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

அக்கரையில் படகு அணைந்தது தெரியவேயில்லை, அவ்வளவு மெதுவாக. எல்லோரும் இறங்கினார்கள். நாத்தனார் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"இதுலயே திரும்பிப் போயிட்டு, இன்னொரு தடவை வரலாமா, அண்ணி?"

"சாயங்காலம் வரைக்கும் போலாம்" என்று சொல்லி, அண்ணி முன்வரிசையில் இடம் பிடிக்கப் போனாள்.