சட்டைப்பையில் இருந்த பின்

முகாம் சாமான்களையும் காருக்குப் பின்னால் மாட்டும் சின்ன டிரெய்லர்களையும் வாடகைக்கு விடுகிற கடை என்னுடையது. தங்கை குடும்பம் முதல் தடவையாக மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறது என்றதும், இருப்பதிலேயே நல்ல டிரெய்லரைக் கழுவித் தயாராக வைத்தேன்.

காலையில் மாப்பிள்ளை சாமான் ஏற்றிய அழகைப் பார்த்து என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு ராத்திரி தங்குவதற்கு மடக்கு நாற்காலிகள், காற்றடிக்கும் மெத்தைகள், போதாததற்கு ஒரு இஸ்திரிப் பெட்டி. மலையில் யாருக்குச் சட்டை தேய்க்கப் போகிறீர்கள், கரடிக்கா என்று கேட்டேன். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். மாப்பிள்ளையும் அசடு வழியச் சிரித்தார். எனக்கு இன்னும் குஷியாகிவிட்டது.

டிரெய்லரின் கொக்கியைக் காரின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டை மேல் உட்கார வைத்துப் பிடியை அழுத்த வேண்டும். குலுக்கலில் பிடி எகிறாமலிருக்க ஒரு பின்னைச் செருக வேண்டும். பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகு பின்னைச் செருகுவது என் பழக்கம். அதுவரை அது சட்டைப்பையில் கிடக்கும்.

கிளம்பும்போது மாப்பிள்ளை, எல்லாம் சரியாக மாட்டியாயிற்றா, ஒரு தடவை பார்க்கட்டுமா என்றார்.

“எனக்கே பாடமா மாப்பிள்ளை? நீங்க ஸ்டியரிங்கை ஒழுங்கா பிடிங்க, போதும்.”

தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு பேனா எடுக்கப் பையில் கை விட்டேன். விரலில் பின் தட்டியது. அதைச் செருகவே இல்லை. மலைப்பாதையில் போன் எடுக்காது. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் பிள்ளைகள் முகம்தான். கரடி ஜோக் வேறு ஞாபகம் வந்து, என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

முதல் ஏற்றம் தாண்டியதும் பார்த்தேன். கொக்கி கழன்ற டிரெய்லர், காரின் பின்பக்கத்தில் மோதி, காரோடு பிணைத்திருந்த காப்புச் சங்கிலியில் மட்டும் தொங்கியபடி பள்ளத்தின் ஓரம் சாய்ந்து கிடந்தது. தங்கை மகளின் நெற்றியில் புடைப்பு. மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை. மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டியதாகச் சொல்லித் தங்கை கணவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். அவரோ என்னிடம் வந்து, டிரெய்லரைக் கெடுத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. அவரைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போய்ப் பின்னைக் காட்டினேன்.

“இது என் பையிலேயே இருந்துச்சு மாப்பிள்ளை. தப்பு என்னோடது.”

அதை வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“அவகிட்ட சொல்ல வேணாம் மச்சான். என்னைத் திட்டுனா சாயங்காலத்துக்குள்ள மறந்துடுவா. நீங்கன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எல்லோருமாக டிரெய்லரைத் தூக்கி நிறுத்தினோம். பிள்ளைகள் பயந்துபோயிருந்ததால் வீட்டுக்கே திரும்புவது என்று முடிவாயிற்று.

“நீயே மாட்டி விடு அண்ணா, இவரை நம்பி எதையும் விட முடியாது” என்றாள் தங்கை.

மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. வெட்கங்கெட்டு நானும் திறக்கவில்லை. குனிந்து, கொக்கியை மாட்டி, கையோடு பின்னையும் செருகினேன்.

நான் எழுந்ததும் மாப்பிள்ளை குனிந்தார். இந்தத் தடவை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பின்னைப் பிடித்து, தானே ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.