அவரவர் நூல்

செண்பகவல்லி பேச்சை நிறுத்திப் பதினோரு நாள் ஆனதால், என்ன தப்பு நடந்தது என்று பார்த்துவர அவள் கணவர் தில்லைநாயகம் நூலகத்துக்குப் போனார்.

நூலகம் என்று பெயர்தானே தவிர அங்கே ஒரு புத்தகம் கிடையாது. எல்லாம் நூல்தான். ஊரில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலிருந்தும் ஒரு நூல் கிளம்பி, அங்கே அவரவர் இழுப்பறையில் போய் முடியும். ஒருவர் தப்புச் செய்தால் அவருடைய இழுப்பறையில் சீட்டு விழும்.

முன்பெல்லாம் ஊருக்கே ஒரே கரும்பலகை. கடைசியாக நடந்த தப்பு முந்தியதை அழித்துவிட்டு அதில் நிற்கும். யாருடையது என்று இருக்காது. ஒருமுறை தபால்காரர் செய்த தப்புக்காகத் தில்லைநாயகம் ஆறு மாதம் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். அவளும் பெரிய மனசு பண்ணி மன்னித்தாள். சொல்லப்போனால் அவர்கள் சிரித்துப் பேசிய காலம் அதுதான். பிறகு, ஒருவர் தப்பு இன்னொருவர் தலையில் விழுகிறது, பாதுகாப்பு போதாது என்று பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

அவர் நடக்க நடக்க நடைகூடம் நீண்டது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

“நூலை இழுங்க,” என்றார் குமாஸ்தா. “சீட்டை உடனே படிச்சிடணும். நடுவுல இருமினாக்கூட எழுத்து மாறிடும்.”

தில்லைநாயகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார். ‘பிழை இல்லை.’

“அவ பேச மாட்டேங்கறாளே சார்?”

“அப்ப அவங்க நூல்ல இருக்கும்.”

“பார்க்கலாமா?”

“அதை அவங்கதான் இழுக்கணும். தினமும் காலைல வந்து இழுத்துட்டுத்தான் போறாங்க. வீட்டுக்காரர் ஏன் பேச மாட்டேங்கறார்னு கேக்கறாங்க.”

“அவளுக்கு என்ன வந்துது?”

“அதைச் சொல்லக் கூடாது. உங்களுக்கு வந்ததேதான்.”

“ரெண்டு நூலையும் சேர்த்து ஒரு முடிச்சு போட்டுக் குடுங்களேன்.”

“முடிச்சு விழுந்தா நின்னுடுவீங்க சார். அவங்க பேசட்டும்னு நீங்க, நீங்க பேசட்டும்னு அவங்க.”

“இப்பவும் அப்படித்தானே இருக்கோம்?”

“இப்ப பாதுகாப்பா இருக்கீங்க,” என்றார் குமாஸ்தா.

வீட்டில் செண்பகவல்லி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று அவர் தட்டின்முன் உட்கார்ந்து வாயைத் திறந்தார். எதற்கென்று சொல்ல வேண்டுமே. அவளும் திரும்பி வாயைத் திறந்தாள். இருவரும் மூடிக்கொண்டார்கள்.

நான்காவது தோசையோடு அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது. போதும் என்று சொல்லவில்லை. அவள் வார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.