தவளைக்கு ரெண்டு பிரேக்

“இது ஒரு வண்டி இல்ல அண்ணி. ரெண்டு வண்டி.”

குரல் சிவப்புக் காரின் அடியிலிருந்து வந்தது. வெளியே தெரிந்தது நாத்தனாரின் செருப்புக் கால்கள் மட்டும்தான்.

“ரெண்டா? எனக்கு ஒண்ணுதானே தெரியுது?” என்றாள் டீச்சர்.

“முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேற வண்டி. நடுவுல வெட்டி ஒட்ட வச்சிருக்காங்க. ஒட்டுன இடம் தெரியாம மேல கார்பெட்டைப் போட்டு மூடியாச்சு.”

விற்க வந்தவர் கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். “மேடம், அது சும்மா சின்ன டச்சப்.”

“இதுவா டச்சப்? கல்யாணமே பண்ணி வச்சிருக்கீங்க!”

முழங்கை எல்லாம் மண்ணாக நாத்தனார் எழுந்து வந்தாள். டீச்சருக்கு மனசு வரவில்லை. பின்னால் இறக்கை மாதிரி நின்ற ஸ்பாய்லரைத் தடவிக்கொண்டே, “ரெண்டு பேரும் ஒத்துமையாத்தான் இருக்காங்க போலிருக்கே” என்றாள்.

“முதல் வளைவு வரைக்கும் இருப்பாங்க. அதுக்கப்புறம் ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம். நீங்க எந்தப் பாதியோட போறதா உத்தேசம்?”

நாத்தனார் என்றால் டீச்சருடைய கணவரின் தங்கை. இன்சூரன்ஸ் சர்வேயர். மோதி நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது உடைந்தது, எதனால் உடைந்தது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. நல்ல வண்டியைக் காட்டினாலும் அது நாளைக்கு எப்படி நசுங்கும் என்பதுதான் அவள் கண்ணுக்கு முதலில் தெரியும். துணைக்கு இவளைக் கூட்டிக்கொண்டு வந்தது புத்திசாலித்தனமா, தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதா என்று டீச்சருக்குக் காலையிலிருந்தே குழப்பம்.

டீச்சர், பக்கத்து சீட்டில் தனிப் பிரேக்கில் கால் வைத்தபடி கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் கற்றவர்கள்தான். அதில் ஒரு பல் டாக்டர் போன மாதம் அவளை ரேஸ் டிராக்குக்கு அழைத்துப் போயிருந்தாள். போட்டி எதுவும் கிடையாது. அவரவர் சொந்த வண்டியைக் கொண்டுவந்து, ஆசை தீர வேகமாக ஓட்டிப் பார்க்கிற நாள். டாக்டர் ஓட்ட, டீச்சர் பக்கத்து சீட்டில். வளைவுக்கு வளைவு இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்து, வீட்டுக்கு வரும்போது தொடை வீங்கியிருந்தது. வாய் மட்டும் சிரித்தபடியே இருந்தது.

“என்ன, பல்லு பிடுங்கிட்டு வந்தவ மாதிரி வாயை மூடாம இருக்கே?” என்று கேட்டார் கணவர்.

“எனக்கு ஒரு பழைய வண்டி வேணும். டிராக்குல ஓட்டணும். நானே ஓட்டணும்.”

“நீயா? நீ ஓட்டினா எனக்குத் தூக்கம்தான் வரும்.”

அது உண்மை. அவள் ஓட்டுகிற வண்டியில் ஏறினால் தெருமுனை தாண்டுவதற்குள் அவருக்குக் குறட்டை வந்துவிடும். அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமாக வேகம் என்கிற வார்த்தையை ‘குறை’ என்கிற வார்த்தையோடு சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். தனக்கு வேகமாக ஓட்ட வருமா, வராதா? அது தெரியாமலே பக்கத்து சீட்டில் ஆயுசு கழிந்துவிடக் கூடாது.

அடுத்த ஞாயிறு புதியவர்களுக்கான நாள். அவளுக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். இன்று சாயங்காலம் டிராக் அலுவலகம் மூடுவதற்குள் வண்டி நம்பரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அதற்கு அடுத்தது மழைக்காலம் முடிந்த பிறகுதான்.

“அடுத்த வீட்டுக்குப் போலாம் வா,” என்றாள் டீச்சர், சிவப்பு இறக்கையைக் கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு.

அடுத்த வண்டி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருடையது. சின்னது, சாம்பல் நிறம். நாத்தனார் பானெட்டைத் திறந்தாள், டார்ச் அடித்தாள், டயரைத் தடவினாள், ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

“என்னடி?”

“ஒண்ணுமே இல்ல அண்ணி. குறை சொல்ல ஒரு இடம்கூட இல்ல.”

“அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறே?”

“வழக்கமில்லையே! ஆனா பாருங்க, டிராக்குக்கு இது மாதிரிதான் வேணும். எடை கம்மி, கியர் வண்டி, பார்ட்ஸ் எங்கயும் கிடைக்கும். அழகு கிடையாது. இடிச்சாலும் அழுகை வராது.”

“என் வண்டியை இடிக்கறதுக்கா கேக்கறீங்க?” என்றார் வாத்தியார்.

“சேச்சே, அவ ஒரு பேச்சுக்குச் சொல்றா. ஓட்டிப் பாக்கலாமா?” என்றபடி டீச்சர் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள்.

வாத்தியார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “அப்போ நான் ஓட்டணுமா?”

டீச்சர் உட்கார்ந்திருந்தது பக்கத்து சீட்டில்.

பின்சீட்டில் ஏறிக்கொண்டிருந்த நாத்தனார் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. டீச்சர் இறங்கி, முகம் சிவக்கச் சுற்றிவந்து ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஆளில்லாத நேர் ரோடு. லீவு நாள். ஒரு நாய்கூட இல்லை. டீச்சர் கண்ணாடி பார்த்தாள், சிக்னல் போட்டாள், மறுபடியும் கண்ணாடி பார்த்தாள். வண்டி ஊர்ந்தது.

“இப்ப மிதிக்கலாம் அண்ணி.”

“மிதிக்கறேன்.”

“எதை?”

ஆக்சிலரேட்டரில் கால் கொஞ்சம் இறங்கியதுமே தானாகத் தாவிப் பிரேக்குக்கு வந்தது. மறுபடி ஆக்சிலரேட்டர். மறுபடி பிரேக். சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் இவர்களைத் தாண்டிப் போனார்.

“லைசன்ஸ் எடுத்து எவ்வளவு நாளாச்சும்மா?” என்று வாத்தியார் பரிவோடு கேட்டார்.

டீச்சர் மறுபடியும் சிக்னல் போட்டாள். வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, கோடு போட்ட மாதிரி நேராக நிறுத்திச் சாவியைக் கொடுத்தாள்.

“வண்டி தங்கம் சார். நான்தான் சரியில்ல.”

திரும்பும்போது நாத்தனார் தன் வண்டியை ஓட்டினாள். டீச்சர் பக்கத்து சீட்டில்.

“வராதுடி எனக்கு. என் காலுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். பக்கத்துல ஓட்டறவன் தப்பு பண்ணுவான், நான் பிரேக் போடணும். இப்ப ஓட்டறதும் நானே. அப்பவும் கால் அதையேதான் பண்ணுது. உங்க அண்ணன் சொன்னது சரி. டிராக்குல எல்லாரும் தூங்கிடுவாங்க.”

“நீங்க மனசை விடாதீங்க.”

“போன் பண்ணி இடம் வேணாம்னு சொல்லிடறேன். ஸ்கூல்ல இறக்கி விடு. என் குடை அங்க இருக்கு.”

டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரு தகரக் கூரை அறை, அதன் பின்னால் சுவர் எழுப்பிய பெரிய சிமெண்ட் மைதானம். வாசலில் தவளை நின்றது. டீச்சர் வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிற வண்டி அது. கிளட்ச்சைச் சட்டென்று விடுகிற மாணவர்கள் கையில் தத்தித் தத்திப் போவதால் அந்தப் பெயர். அதன் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது: ‘விற்பனைக்கு’.

“முதலாளி, தவளையை விக்கறீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

மேஜைக்குப் பின்னாலிருந்த முதலாளி தலையைச் சொறிந்தார். “புது வண்டி வருது டீச்சர். கியர் இல்லாதது. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. இது இருந்துட்டுப் போகட்டும்னா இடமில்ல. காயலான்கடைக்காரன்கூட பாதி விலைக்குக் கேக்கறான்.”

அதற்குள் நாத்தனாரின் செருப்புக் கால்கள் தவளைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

“அண்ணி!”

“என்ன, இது மூணு வண்டியா?”

“கிளட்ச் புதுசு. பிரேக் பேட் புதுசு. டயர் புதுசு.”

“மாசத்துக்கு ஒண்ணு மாத்தறோம். பசங்க படுத்தற பாடு அப்படி.”

நாத்தனார் வெளியே வந்து, நான்கு பக்கமும் தகரத்தைத் தட்டிக்கொண்டே சுற்றினாள். திரும்பி வந்தபோது அவள் குரலே மாறியிருந்தது.

“அண்ணி, இதுல ஒரு அடிகூட இல்ல. பம்பர்ல நாலு கீறல், அவ்வளவுதான். ஓட்டத் தெரியாதவங்க மட்டுமே ஓட்டின வண்டி இது. ஒரு தடவைகூட மோதல. இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. ஏன் தெரியுமா?”

“ஏன்?”

“உங்க கால்.”

டீச்சர் உள்ளேயிருந்து எடுத்து வந்த குடையைக் கீழே வைத்தாள்.

நாத்தனார் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அங்கேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். சொல்லித் தருகிறவருக்கானவை. “ஏறுங்க அந்தப் பக்கம்,” என்றாள்.

“எதுக்கு?”

“இன்னைக்கு நான்தான் டீச்சர். தப்பு நடந்தா பிரேக் போட வேண்டியது என் வேலை. உங்க வேலை போறது. முதலாளி, மைதானத்துல ஒரு ரவுண்டு!”

“ஒண்ணு என்ன, எத்தனை வேணா போங்க,” என்றார் முதலாளி. டீச்சர் ஓட்டுவதுதானே என்று போனை எடுத்துக்கொண்டார்.

முதல் சுற்று பாடம் மாதிரியே போனது. நாத்தனார் டீச்சரின் குரலை அப்படியே பிடித்தாள். “கிளட்ச்சை மெதுவா விடும்மா. கண்ணாடி பாரு. பயப்படாதே, நான் இருக்கேன்ல?”

“நான் இப்படியா பேசறேன்?”

“இதைவிட இழுப்பீங்க. செகண்ட் கியர் போடு கண்ணு.”

இரண்டாம் சுற்றில் டீச்சர் தன் காலைக் கவனித்தாள். பிரேக்குக்குத் தாவப் பார்த்தது. அது இப்போது என் வேலை இல்லை என்று அவள் அதனிடம் சொன்னாள். கால் கொஞ்சம் யோசித்தது. பிறகு இறங்கியது.

தவளை உறுமியது. அந்தச் சத்தத்தை அதன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. மூன்றாவது கியர். பாடத்துக்காக வரிசையாக நிறுத்திய ஆரஞ்சுக் கூம்புகள் எதிரே ஓடி வந்தன. எந்தக் கூம்பில் எவன் தடுமாறுவான், எங்கே திருப்ப வேண்டும், எங்கே கையைத் தளர்த்த வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடம். ஆயிரம் பேருக்குச் சொன்னதைக் கை தானாகச் செய்தது. வண்டி இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. டயர் கீச்சென்றது.

“ஐயோ!” என்றாள் நாத்தனார்.

“நிறுத்தவா?”

“நிறுத்தினா கொன்னுடுவேன்! இன்னும் போங்க அண்ணி, இன்னும்!”

கூம்பு ஒன்று பறந்தது. முதலாளி போனோடு வெளியே ஓடி வந்து ஏதோ கத்தினார். அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மைதானத்தின் கோடிச் சுவர் விறுவிறுவென்று பெரிதாகியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இப்போது. வண்டி மூக்கைத் தாழ்த்தி, நேராக, சுவருக்கு ஒரு ஆள் இடைவெளி விட்டு நின்றது.

இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள்.

“நல்ல சமயத்துல பிரேக் போட்டேடி,” என்றாள் டீச்சர்.

“நானா?”

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேலே இருந்த கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு செருப்பும் கீழே தனியாகக் கிடந்தன.

“அடிப்பாவி! பிரேக்குக்கு நீதான் பொறுப்புன்னே!”

“மறந்தே போச்சு அண்ணி. அவ்வளவு ஜோரா இருந்துச்சு. நீங்களே போட்டுட்டீங்களே, அப்புறம் என்ன?”

டீச்சர் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அது பிரேக்கின் மேல் அடக்கமாக இருந்தது. போட வேண்டிய இடத்தில் மட்டும் போட்டிருந்தது. அவள் ஸ்டீரிங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்துச் சிரிக்க ஆரம்பித்தாள்.

முதலாளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கையில் நசுங்கிய கூம்பு. “டீச்சர்! உங்களுக்கு என்ன ஆச்சு? பசங்க பாத்தா என்ன நினைப்பாங்க?”

“வண்டியை நான் எடுத்துக்கறேன் முதலாளி.”

“இதையா?” அவர் தவளையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி. ஆனா அந்தப் பக்கத்து பெடலைக் கழட்டித்தான் தரணும். ஸ்கூல் வண்டிக்குத்தான் அது. உங்களுக்கு வேணும்னா விசேஷ அனுமதி எழுதிக் கேட்டுப் பாக்கலாம்.”

நாத்தனார் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் பக்கத்து சீட்டின் பிரேக்கைப் பார்த்தாள். அவள் செருப்பு பட்டுப் பட்டே ரப்பர் தேய்ந்து, இரும்பு பளபளத்தது.

“கழட்டிடுங்க,” என்றாள்.

ஸ்பேனரைத் தேடி முதலாளி உள்ளே போக, அவள் போனை எடுத்து டிராக் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். மூடுகிற நேரம்தான், இருந்தாலும் எடுத்தார்கள். நம்பரைச் சொன்னாள். ஒருமுறை போதாதென்று, பாட்டு பாடுவதுபோல இன்னொரு முறையும் சொன்னாள்.

கழற்றிய பெடலை முதலாளி குப்பைக் கூடைப் பக்கம் கொண்டுபோனார். டீச்சர் கையை நீட்டி வாங்கித் தன் கைப்பைக்குள் திணித்தாள்.

“அது எதுக்கு அண்ணி? ஞாபகத்துக்கா?”

“உங்க அண்ணனுக்கு. இதுவரைக்கும் என் வண்டியில தூங்கிட்டு வந்தார். இனிமே அவருக்கு இது தேவைப்படும்.”