ஒன்பதாம் நம்பரில் பூத்த பனி

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்று மூன்று நாளாகியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே குளிர்கிடங்கில் வேலை. அண்ணி வாசல் அறையில் உட்கார்ந்து வாக்கி-டாக்கிகளுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுப்பாள். நாத்தனார், எல்லாருக்கும் சின்னவள், உள்ளே உறைந்த பட்டாணி மூட்டைகளை அடுக்குவாள்.

சண்டை வந்தது ஒரு வார்த்தையால். லாரி டிரைவர்கள் நாலு பேர் நிற்கும்போது சின்னவள் சொல்லிவிட்டாள்: "எங்க அண்ணிக்கு ரேடியோ எதுக்குங்க? சும்மா பேசினாலே மூணாவது ரூம் வரைக்கும் கேக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

உள்ளே போகிறவர் வாக்கி-டாக்கி செட்டை வாங்கியதும் அண்ணி "கேக்குதா?" என்று அதில் கேட்க வேண்டும், அவர் "கேக்குது" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் கதவு திறக்கும். கிடங்கின் சட்டம் அது. பேசாதவர்கள் எப்படிக் கேட்டுக்கொள்வது? சின்னவள் வருவாள், ஆணியிலிருந்து தானே ஒரு செட்டை எடுப்பாள், பலகையில் எழுதிவிட்டுப் போவாள். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று பிற்பகல் அண்ணி ஒன்பதாம் நம்பர் செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே அது ஆன் ஆகவில்லை. குமிழைத் திருகினால் ஒரு 'பீப்' வரவேண்டும், பச்சை விளக்கு எரியவேண்டும். இரண்டும் இல்லை. பேட்டரியை மாற்றிப் பார்த்தாயிற்று. தகடுகளை ரப்பரால் தேய்த்தாயிற்று. பேட்டரி ஆடுகிறதோ என்று காகிதம் மடித்துச் செருகியும் பார்த்தாயிற்று.

"ரொம்ப நடிக்காதே," என்றாள் செட்டிடம். ஆட்களோடு பேச்சு நின்றால் அவள் சாமான்களோடு ஆரம்பித்துவிடுவாள்.

மறுபடி கையில் எடுத்தபோது செட் சில்லிட்டிருந்தது. உள்ளே போய்வந்த செட் அப்படி இருக்கும். குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும், அக்குளில் பத்து நிமிடம் இடுக்கினால் உயிர் வரும். ஆனால் இது காலையிலிருந்து மேசையை விட்டு நகரவில்லை. மின்விசிறியோ வெந்த காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது.

எதற்கும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"எழுந்திரு சனியனே. தூங்கினது போதும். தூங்கினா அப்படியே போய்ச் சேர்ந்துடுவே, சொல்லிட்டேன்."

பத்து நிமிடத்தில் மரத்துப்போனது அவள் விலாதான். எடுத்துப் பார்த்தால் செட்டின் சின்னக் கண்ணாடியில் வெள்ளையாகப் பனி. சுரண்டினாள், நகத்தில் ஒட்டியது. துடைத்தாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி பூத்தது.

"இதென்ன கூத்து?" என்று பேட்டரியைக் கழற்றினாள். அதன் முதுகில் அவளே எழுதி ஒட்டிய நம்பர்: 4.

சோதித்துப் பார்க்க நாலாம் நம்பரின் நல்ல பேட்டரியை இதில் போட்டது அவள்தான். இதன் செத்த பேட்டரியை, தொலையாமல் இருக்கட்டுமென்று, நாலில் மாட்டியதும் அவள்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி ஹாரன் அடிக்க, நாலை அப்படியே ஆணியில் தொங்கவிட்டு எழுந்து போயிருந்தாள்.

ஆணியில் நாலு இல்லை. பலகையில் சின்னவள் கையெழுத்து: நாலு, மூன்றாவது அறை, இரண்டு மணி. இப்போது மணி இரண்டே முக்கால். அந்த அறையில் இருபது நிமிடத்துக்கு மேல் யாரும் நிற்பதில்லை.

அண்ணி ஓடினாள். கதவின் இரும்புப் பிடியில் தொங்கி இழுத்துத் திறந்தாள்.

சின்னவள் கதவோரம் குந்தியிருந்தாள். இரண்டு கையும் அக்குளில். இமையெல்லாம் வெள்ளை. கண் மட்டும் திறந்திருந்தது.

வெளியே இழுத்துவந்து கம்பளியால் சுற்றி, காலைத் தேய்த்துவிட்ட பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

"உள்பக்கப் பிடி இறுகிப்போச்சு அண்ணி. தள்ளித் தள்ளிப் பார்த்தேன்."

"பேசாதே."

"மூணு நாளா அதைத்தானே பண்ணினோம்."

அண்ணி கம்பளியை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். "தப்பு என்னோடதுடி. செத்த பேட்டரியை மாட்டி வெச்சுட்டேன்."

"செத்ததா? நீங்க பேசினது நல்லாக் கேட்டுதே. 'எழுந்திரு சனியனே, தூங்கினா போய்ச் சேர்ந்துடுவே'ன்னு. அதைக் கேட்டுத்தான் முழிச்சிட்டிருந்தேன்."

அண்ணி அவள் இடுப்பிலிருந்த நாலை உருவிக் குமிழைத் திருகினாள். பீப் இல்லை. விளக்கு இல்லை.

"நான் மேசையில உக்காந்து ஒன்பதைத் திட்டிட்டிருந்தேன்."

சின்னவள் பல் கிட்டிக்கச் சிரித்தாள். "அதான் அன்னிக்கே சொன்னேனே, உங்களுக்கு ரேடியோ எதுக்குன்னு."

இந்தத் தடவை அண்ணிக்கும் சிரிப்பு வந்தது. மூன்று நாள் தாமதமாக.

"ஒண்ணுதான் புரியல," என்றாள் சின்னவள். "கடைசியில என்னையும் மீறிக் கண்ணை மூடிட்டேன். அப்போ சொன்னீங்களே, 'கொஞ்சம் பொறுத்துக்கோ, அவ கதவைத் திறக்க வந்துட்டிருக்கா'ன்னு. உங்க குரல்தான். 'நான் வரேன்'னு சொல்லாம, 'அவ'ன்னு ஏன் சொன்னீங்க?"

ஓடிவரும்போது அண்ணி வாயே திறக்கவில்லை.

"பதட்டத்துல என்ன சொன்னேனோ," என்று எழுந்தாள்.

மூன்றாவது அறைக் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வந்துகொண்டிருந்தது. சாத்துவதற்கு முன், உள்ளே யாராவது இருக்கீங்களா என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும், அதுவும் சட்டம்தான். அண்ணி வாயைத் திறந்தாள். தன் குரலிலேயே பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. ஒன்றும் கேட்காமலே கதவைச் சாத்தினாள்.